சைட்டில் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்: மொழிபெயர்ப்பு பிளகின் மக்கர் செய்தால் எங்கே தேடுவது

"சைட்ல தமிழ் வரல." வாட்ஸ்அப்பில் இவ்வளவுதான் வரும். எந்தப் பக்கம், எந்த வரி, போனிலா கம்ப்யூட்டரிலா, நேற்று வரைக்கும் சரியாக இருந்ததா, ஒன்றும் இருக்காது. வேர்ட்பிரஸில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஓடுகிற கடை, பள்ளி, டிராவல்ஸ் சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு, அதனால் இந்த ஒரு வரி மெசேஜ் எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் மெசேஜ் வந்த உடனே பிளகினைத் திறந்து ஒவ்வொரு டிக்காக எடுத்தும் போட்டும் பார்ப்பேன், அப்படிப் பார்த்து நன்றாக இருந்ததையும் இரண்டு தடவை கெடுத்த பிறகுதான் புத்தி வந்தது. இப்போது முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மொழி மாறாமல் நிற்கிற அந்த வரி எங்கே குடியிருக்கிறது?

ஏனென்றால் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தெல்லாம் ஒரே வீட்டிலிருந்து வருவதில்லை. கட்டுரை டேட்டாபேஸில் இருக்கிறது. "மேலும் படிக்க" என்ற பட்டன் தீமின் மொழிக்கோப்பில் இருக்கிறது. மெனு தனி, விட்ஜெட் தனி, ஃபூட்டரில் இருக்கிற கடை முகவரி தீம் செட்டிங்கில், தொடர்புப் படிவத்தின் "அனுப்பு" அந்தப் படிவப் பிளகினுக்குள். ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி வேறு, மொழிபெயர்ப்பு பிளகினில் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் திறக்கப் பார்த்தால் நாள் முழுக்கப் போகும்.

அதற்கு முன்னால் இரண்டு சின்ன வேலை. பேக்கப் எடுங்கள், ஃபைலும் டேட்டாபேஸும் சேர்த்து. அப்புறம் பிரைவேட் விண்டோவில், லாகின் செய்யாமல் சைட்டைத் திறந்து பாருங்கள். லாகின் செய்திருக்கும்போது பெரும்பாலான கேஷ் பிளகின்கள் (வேகத்துக்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டுபவை) உங்களுக்குப் பழைய பக்கத்தைக் காட்டுவதில்லை, வாடிக்கையாளருக்கு மட்டும் காட்டும். "எனக்கு நல்லாத்தான் தெரியுதே" என்று நீங்களும் "இங்க தெரியலையே" என்று அவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

கேஷ்

கேஷ் ஒரு இடத்தில் மட்டும் இருப்பதில்லை. கேஷ் பிளகின், ஹோஸ்டிங் கம்பெனி சர்வரில் வைத்திருப்பது, சர்வருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் நிற்கிற கிளவுட்ஃபிளேர் மாதிரி சேவை, கடைசியாக பிரவுசர். உள்ளே இருப்பதிலிருந்து ஆரம்பித்து வெளியே வாருங்கள், அதாவது பிளகின், சர்வர், கிளவுட்ஃபிளேர், பிரவுசர் என்ற வரிசையில் காலி செய்யுங்கள், மாற்றிச் செய்தால் வெளியே இருப்பது உள்ளே இருக்கும் பழையதையே மறுபடி இழுத்து வைத்துக்கொள்ளும். கிளவுட்ஃபிளேர் சும்மா விட்டால் பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சேமித்து வைக்காது, படம், ஸ்டைல், ஸ்கிரிப்ட் போன்றவற்றை மட்டும்தான் வைக்கும். ஆனால் யாராவது வேகத்துக்காக "எல்லாவற்றையும் கேஷ் செய்" என்று ஒரு விதி போட்டிருந்தால் கதை வேறு.

இதில் ஒரு பிரச்சினை கேஷைக் காலி செய்தாலும் போகாது. சில சைட்டுகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே முகவரி, குக்கியை (பிரவுசரில் சைட் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) வைத்து மொழி மாறும். முதலில் வந்தவர் தமிழில் பார்த்தால் அந்தத் தமிழ்ப் பக்கமே சேமிக்கப்பட்டு அடுத்து வரும் ஆங்கிலக்காரருக்கும் போகும், காலி செய்தால் பத்து நிமிடத்துக்குச் சரியாக இருக்கும், மறுபடி அதே. மொழிக்கொரு முகவரி கொடுப்பதுதான் இதற்குத் தீர்வு: டொமைனுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் மொழிக் குறியீடும், அல்லது சப்டொமைன். பாலிலாங் என்ற இருமொழி பிளகினில் இது மொழி செட்டிங்ஸில் யுஆர்எல் பகுதியில் இருக்கிறது. கூகுளும் குக்கியை வைத்து மொழி மாற்றாதீர்கள், தனித்தனி முகவரி கொடுங்கள் என்றுதான் சொல்கிறது.

அதே செட்டிங்ஸில் பிரவுசரின் மொழியைக் கண்டுபிடித்து முகப்புப் பக்கத்தைத் திருப்பிவிடும் வசதியும் உண்டு. நான் பெரும்பாலும் அணைத்தே வைப்பேன். நம் ஊரில் தமிழ் படிக்கிறவர்கள் போனில்கூட மொழி ஆங்கிலமாகத்தான் இருக்கும், அவர்களைத் தேடிப்பிடித்து ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவதில் யாருக்கு என்ன லாபம்.

வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

முதலில் அந்த வரியை மவுஸால் தேய்த்துப் பாருங்கள். செலக்ட் ஆகவில்லை என்றால் அநேகமாக அது படம், எந்த பிளகினாலும் ஒன்றும் செய்ய முடியாது, மொழிக்கொரு படம் போட வேண்டும். செலக்ட் ஆனால் கன்ட்ரோலும் யு-வும் அழுத்திப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து அங்கே அந்த வரியைத் தேடுங்கள். பக்கத்தில் தெரிகிறது, மூலத்தில் இல்லை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் வந்து எழுதுகிறது என்று அர்த்தம், அதற்கு வழி தனி, கீழே சொல்கிறேன். மூலத்தில் இருந்தால் அடுத்து அந்தப் பக்கத்தை எடிட்டரில் திறந்து பாருங்கள். எடிட்டரில் இருந்தால் உள்ளடக்கம், இல்லையென்றால் மெனு, விட்ஜெட், தீம், இன்னொரு பிளகின், இதில் ஒன்று.

உள்ளடக்கமே மாறவில்லை என்றால் பாதி நேரம் பிளகினின் வேலை என்ன என்பதில்தான் குழப்பம். பாலிலாங்கின் இலவசப் பதிப்பு எதையும் மொழிபெயர்க்காது. தமிழ்ப் பக்கம் ஒன்று, ஆங்கிலப் பக்கம் ஒன்று என்று நீங்கள் எழுதி வைத்தால் இரண்டையும் ஒரு நூலில் கோர்த்துத் தரும், அவ்வளவுதான். லோகோ டிரான்ஸ்லேட் அதற்கும் வேறு: தீம், பிளகின்களின் மொழிக்கோப்பைத் திருத்தும் கருவி அது, இரண்டு மொழி சைட் உருவாக்காது. டிரான்ஸ்லேட்பிரஸ் பக்கம் உருவான பிறகு அதில் உள்ள வரிகளைப் பிடித்து மாற்றும், அதனால் எழுத்து எங்கிருந்து வந்தது என்ற கவலை அதற்குக் குறைவு. டபிள்யூபிஎம்எல் காசு கொடுத்து வாங்குவது, மேலே சொன்ன பலவும் அதற்குள் இருக்கும், கூடவே செட்டிங்ஸும் அத்தனை. லோகோ தவிர மற்ற மூன்றில் இரண்டை ஒரே சைட்டில் ஓடவிடாதீர்கள். ஒன்றை நிறுத்தாமல் இன்னொன்றை "சும்மா டெஸ்டுக்கு" ஆக்டிவேட் செய்த சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன், முகவரியில் மொழிக் குறியீடு இரண்டு தடவை வந்து நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கிற பழைய சைட்டில் பாலிலாங் போட்டதும் "பதிவெல்லாம் காணோம்" என்று ஒரு அலறல் வரும். ஒன்றும் தொலையவில்லை. பழைய பதிவுகளுக்கு மொழி குறிக்கப்படவில்லை, மொழி இல்லாத பதிவைப் பட்டியலில் அது காட்டாது. மொழி இல்லாத எல்லாவற்றையும் முதன்மை மொழியில் சேர்க்கவா என்று அட்மினில் ஒரு அறிவிப்பு கேட்கும், அதை அவசரத்தில் மூடியிருப்பீர்கள். மொழிகள் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனால் திரும்பக் கிடைக்கும்.

மெனுவும் மொழிக்கொன்று தனியாகப் போட வேண்டும், பழைய வகை தீம் என்றால் மெனு இடங்கள் பட்டியலில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரி கூடியிருக்கும். பிளாக் தீம் (ஹெடர், ஃபூட்டரையும் பிளாக்குகளாக எடிட்டரிலேயே அமைக்கும் புது வகை) என்றால் பாலிலாங் இலவசப் பதிப்பு ஹெடர், ஃபூட்டர் போன்ற டெம்ப்ளேட் பகுதிகளை மொழிவாரியாகப் பிரித்துத் தராது, இதைத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் தொலைத்திருக்கிறேன். சைட்டின் பெயர், அதன் கீழ்வரி, தேதி வடிவம், விட்ஜெட் தலைப்பு இவையெல்லாம் மொழிகள் மெனுவுக்குள் டிரான்ஸ்லேஷன்ஸ் என்ற பக்கத்தில் இருக்கும். டபிள்யூபிஎம்எல்லில் தீம், பிளகின் வரிகளை முதலில் ஸ்கேன் செய்தால்தான் ஸ்டிரிங் பட்டியலிலேயே வரும். வரி பட்டியலில் இல்லை என்று தேடிக்கொண்டே இருக்காமல் ஸ்கேன் ஓட்டுங்கள்.

மொழிக்கோப்பு இருக்கிறது, ஆனால் ஏறவில்லை

இங்கேதான் தமிழுக்கென்றே சில பள்ளங்கள் உண்டு. வேர்ட்பிரஸில் தமிழுக்கு இரண்டு லொகேல், அதாவது மொழியும் நாடும் சேர்ந்த குறியீடு: இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சைட் வைத்திருப்பவர் இயல்பாக இலங்கைத் தமிழைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் பல தீம், பிளகின்களில் மொழிக்கோப்பு இந்தியத் தமிழுக்கு மட்டுமே இருக்கும், வேர்ட்பிரஸ் ஒன்று இல்லையென்றால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளதல்ல, நேராக ஆங்கிலத்துக்குப் போய்விடும். கட்டுரை தமிழில், பட்டன்கள் ஆங்கிலத்தில் என்று நிற்கிற சைட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த லொகேலைத்தான்.

ஃபைலின் பெயரும் முக்கியம். பிளகின் என்றால் அதன் டெக்ஸ்ட் டொமைன் (மொழிக்கோப்புகளுக்காக அது வைத்திருக்கும் அடையாளப் பெயர்), ஒரு ஹைபன், பிறகு லொகேல் முழுதாக, நாட்டுக் குறியீட்டோடு. வெறுமனே மொழிக் குறியீட்டை மட்டும் போட்டுப் பெயர் வைத்தால் ஏறாது. தீமின் சொந்த ஃபோல்டருக்குள் வைத்தால் லொகேல் மட்டும், பொதுவான லாங்குவேஜஸ் ஃபோல்டருக்குள் வைத்தால் தீம் பெயரும் சேர்த்து. இந்த ஒரு ஹைபன் வித்தியாசத்தில் எத்தனை பேர் முடியைப் பிய்த்துக்கொண்டார்களோ.

லோகோவில் மொழிபெயர்ப்பை எங்கே சேமிப்பது என்று கேட்கும்போது அதன் தனி ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். தீம் அல்லது பிளகினின் தயாரிப்பாளர் ஃபோல்டரில் வைத்தால் அடுத்த அப்டேட்டில் மொத்தமும் அழிந்து போகும். "போன மாசம் வரைக்கும் தமிழ் இருந்துச்சு, தானா இங்கிலீஷ் ஆயிடுச்சு" என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் புதிதாக வந்த ஒரு வில்லன். 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 முதல் மொழிக்கோப்பு பழைய எம்ஓ வடிவத்தோடு, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி வடிவத்திலும் வருகிறது, வேகத்துக்காக. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேர்ட்பிரஸ் பிஎச்பியைத்தான் எடுக்கும். நீங்கள் பழைய பழக்கத்தில் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்து எம்ஓ ஃபைலை மட்டும் எஃப்டிபியில் ஏற்றினால் ஒரு எழுத்தும் மாறாது, கேஷ் கேஷ் என்று அதைக் காலி செய்துகொண்டே இருப்பீர்கள். அதே பெயரில் இருக்கும் பழைய பிஎச்பி மொழிக்கோப்பை அழித்துவிடுங்கள், அல்லது லோகோ போன்ற கருவியில் மறுபடி சேமித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் வரிகள் என்று சொன்னேன் அல்லவா, அவற்றுக்கு எம்ஓவும் போதாது, தனியாக ஜேசன் ஃபைல் வேண்டும். வேர்ட்பிரஸில் கடை நடத்தும் பிளகினான வூகாமர்ஸின் புது பிளாக் வகை கார்ட்டும் செக்அவுட்டும் இப்படித்தான். கடை முழுக்கத் தமிழில் இருக்கும், காசு கட்டுகிற பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். லோகோவில் அந்த பிளகினின் மொழிக்கோப்பை ஒருமுறை சிங்க் செய்து சேமித்தால் ஜேசனையும் அது எழுதித் தரும்.

சதவீதக் குறியால் சைட் விழுந்த கதை

ஒரு துணிக்கடை சைட். முதலாளியின் தம்பி, ஆர்வமான பையன், லோகோவில் உட்கார்ந்து இரவெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறார். காலையில் தமிழ்ப் பக்கம் திறக்கவில்லை, "மோசமான பிழை" என்று வெள்ளைப் பக்கம். ஆங்கிலப் பக்கம் ஜோராக ஓடுகிறது. பிளகின் கெட்டுவிட்டது, நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று கேட்டார்கள். பிழைகள் பதிவாகும் லாக்கைத் திறந்தால் விஷயம் ஒரே ஒரு வரியில் இருந்தது.

மொழிக்கோப்பில் சில வரிகளுக்கு நடுவே சதவீதக் குறியும் பக்கத்தில் எஸ் அல்லது டி என்ற எழுத்தும் வரும். அது காலி நாற்காலி மாதிரி, பக்கம் திறக்கும்போது அந்த இடத்தில் பெயரோ எண்ணோ வந்து உட்காரும். தம்பி அப்படி ஒரு வரிக்குள் தன் பங்குக்கு "10% தள்ளுபடி" என்று சேர்த்திருந்தார். சதவீதக் குறியைப் பார்த்ததும் பிஎச்பி அதையும் ஒரு நாற்காலி என்று நினைத்து, அடுத்து வருகிற எழுத்தைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்தது. இடைவெளிக்குப் பிறகு வந்தது "த". அப்படி ஒரு கட்டளை இல்லை. பிஎச்பி 7 வரைக்கும் இதற்குப் பெரிய சத்தம் வராது, பிஎச்பி 8-இல் நேராகப் பிழை எறிந்து பக்கத்தை நிறுத்திவிடும். இப்படிப்பட்ட வரியில் உண்மையான சதவீதக் குறி வேண்டுமென்றால் இரண்டு தடவை போட வேண்டும்: 10%% தள்ளுபடி. அதைவிட நான் சொல்வது, "பத்து சதவீதம் தள்ளுபடி" என்று எழுதிவிட்டுப் போங்கள்.

மெஷின் மொழிபெயர்ப்பிலிருந்து ஒட்டினால் இன்னொன்று நடக்கும். சதவீதம், 1, டாலர், எஸ் நான்கும் ஒட்டி இருக்க வேண்டியது, நடுவில் இடைவெளி விழுந்து பிரிந்து வரும். அதுவும் அதே பிழைதான். ஒட்டியதும் இந்தக் குறிகளை மட்டும் ஒரு பார்வை பாருங்கள்.

தமிழுக்கு இதில் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் பெயர் முன்னாலும் தேதி பின்னாலும் வரும், நமக்குத் தேதி முதலில் வந்து "அன்று இன்னார் எழுதியது" என்று முடிந்தால்தான் காதுக்கு நன்றாக இருக்கும். எண் போடாத இரண்டு நாற்காலிகளையும் அப்படியே விட்டு வார்த்தையை மட்டும் மாற்றினால், இன்னார் அன்று மார்ச் 5 எழுதியது என்று வரும். வரிசையை மாற்ற வேண்டுமென்றால் நாற்காலிக்கு எண் கொடுங்கள், 2 என்று எண் போட்டதை முன்னால் வையுங்கள், 1-ஐப் பின்னால். வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி. "க்கு" என்று நாற்காலியோடு ஒட்டினால் குமார்க்கு, கமலாக்கு, மதுரைக்கு என்று ஒன்று சரியாகவும் மற்றது கொச்சையாகவும் வரும். "பதில் பெறுபவர்:" என்று போட்டுப் பெயரைக் கடைசியில் உட்கார வைத்தால் இலக்கணச் சண்டையே வராது.

பக்கம் கிடைக்கவில்லை, முகவரி அறுந்துவிட்டது

மொழி மாற்றும் பட்டனை அழுத்தினால் 404 வருகிறதா? செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். மொழிக் குறியீடு சேர்ந்த புது முகவரி விதிகள் அப்போதுதான் எழுதப்படும். இதிலேயே பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதியில் தமிழ் ஸ்லக், அதாவது முகவரியின் கடைசியில் பதிவின் பெயராக வரும் பகுதி, இருக்கிறது. முகவரியில் தமிழ் எழுத்து அழகாகத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். இங்கே குறி என்பது நாம் எண்ணுகிற எழுத்து இல்லை, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. "தமிழ்நாடு" நமக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஒன்பது குறி, முகவரியில் 81 இடம். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்குக் கொடுத்திருப்பதோ மொத்தம் 200 இடம். "பொங்கல் பண்டிகைச் சிறப்புத் தள்ளுபடி" என்று தலைப்பு வைத்தால் ஸ்லக் "பொங்கல்-பண்டிகைச்-சிறப்ப" என்று பாதியில் முறிந்து நிற்கும். அதே மாதிரி தொடங்குகிற இன்னொரு பதிவு போட்டால் அதுவும் அங்கேயே முறியும், பின்னால் ஒரு 2 ஒட்டிக்கொள்ளும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக அரைப் பக்கத்துக்கு நீளும், நடுவில் எங்காவது உடைந்தால் 404. தமிழ்ப் பற்று வேறு, ஸ்லக் வேறு. ஆங்கில எழுத்தில் மூன்று சொல் கைப்பட அடித்துவிடுவது என் வழக்கம். ஒரு விஷயம்: பாலிலாங் இலவசப் பதிப்பில் தமிழ்ப் பக்கத்துக்கும் ஆங்கிலப் பக்கத்துக்கும் ஒரே ஸ்லக் வைக்க முடியாது, அங்கேயும் 2 ஒட்டும், அதனால் கொஞ்சம் மாற்றி வையுங்கள்.

வேறு சைட்டிலிருந்து பதிவுகளை இம்போர்ட் செய்த பிறகு மொழி மாற்றும் பட்டன் முகப்புக்கே கொண்டுபோய் விட்டால், தமிழ் ஆங்கில ஜோடி அறுந்திருக்கிறது. பாலிலாங் ஜோடியைப் பதிவின் எண்ணை வைத்து ஞாபகம் வைத்திருக்கிறது, இம்போர்ட்டில் எண் மாறிவிடும். பத்து இருபது பதிவு என்றால் உட்கார்ந்து கையால் கோர்த்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் இம்போர்ட்டை விட்டுவிட்டு டேட்டாபேஸை முழுதாக நகர்த்துவதுதான் வழி.

எழுத்து எழுத்தாக இல்லாதபோது

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, ஒரு மேல்கோடு என்று கோலம் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளைத் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்ததால் வந்தது அது. தமிழுக்கு முதல் பைட் எப்போதும் ஒன்றுதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான், அதனால்தான் அந்த ஏ-வும் ஆரும் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்து உள்ளே உயிரோடு இருக்கிறது. ஹோஸ்டிங் மாற்றியபோது டேட்டாபேஸின் கேரக்டர் செட் (எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறை) மாறியிருக்கும், டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் அந்த செட்டிங்கையும் டேபிள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பேக்கப் எடுத்துவிட்டு.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால்தான் கவலை. பெரும்பாலும் சேமிக்கும்போதே எழுத்து தொலைந்திருக்கும், டேட்டாபேஸில் இருப்பதே கேள்விக்குறி என்றால் பழைய பேக்கப் ஒன்றே கதி. மொழிபெயர்ப்பு பிளகின் தனக்கென்று வைத்திருக்கும் டேபிள்கள் மட்டும் பழைய லத்தீன் வகையில் இருந்து, மற்றவை சரியாக இருக்கும் சைட்டுகளும் உண்டு. அதனால் கட்டுரை நன்றாகத் தெரிந்து மொழிபெயர்த்த வரி மட்டும் கேள்விக்குறியானால் அந்த டேபிளைப் பாருங்கள்.

இன்னொரு வகை நம் ஆட்களுக்கே உரியது. அச்சகத்திலிருந்து வந்த பழைய பாமினி எழுத்துரு உரையை அப்படியே ஒட்டிவிடுவார்கள். பாமினியில் "தமிழ்" என்று தெரிவதன் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், பிளகினுக்கும் கூகுளுக்கும் அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஒரு யுனிகோடு மாற்றியில் போட்டு எடுத்த பிறகே எடிட்டருக்குள் விடுங்கள்.

தானியங்கி மொழிபெயர்ப்பு நின்றுவிட்டால்

கூகுளின் மொழிபெயர்ப்பு சேவையை ஏபிஐ சாவி போட்டு இணைத்திருப்பீர்கள். சாவி சரிதானா என்பதை விடுங்கள், கூகுள் கணக்கில் பில்லிங் இணைந்திருக்கிறதா, அந்தச் சேவை ஆன் செய்யப்பட்டிருக்கிறதா, சாவிக்கு ஏதாவது தடை போட்டிருக்கிறதா, மூன்றையும் பாருங்கள். மாதத்துக்கு 5 லட்சம் எழுத்து வரை இலவசம், அதற்கு மேல் 10 லட்சம் எழுத்துக்கு 20 டாலர். சின்ன சைட்டுக்கு 5 லட்சம் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் டிரான்ஸ்லேட்பிரஸ் ஒரு பக்கத்தை யாராவது முதன்முதலாகத் திறக்கும்போது மொழிபெயர்க்கிறது, அந்த யாரோ தேடுபொறியின் ரோபோவாகவும் இருக்கலாம், ஒரே ராத்திரியில் சைட்டின் மூலை முடுக்கெல்லாம் திறந்து கோட்டாவைத் தின்றுவிட்டுப் போய்விடும். ரோபோக்களுக்கு மொழிபெயர்க்க வேண்டாம், ஒரு நாளைக்கு இத்தனை எழுத்துதான் என்று சொல்ல அதன் தானியங்கி மொழிபெயர்ப்பு செட்டிங்ஸில் இடம் இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

மொழிபெயர்த்து வைத்த வரி ஒன்று திடீரென்று மூலமொழிக்குத் திரும்பினால் மூல வரியை யாரோ தொட்டிருக்கிறார்கள். இந்த வகை பிளகின்கள் வரியை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஞாபகம் வைத்திருக்கின்றன. ஒரு முற்றுப்புள்ளி போனாலும் அதற்கு அது புது வரி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற "கொ"வைக்கூட இரண்டு விதமாக அடிக்க முடியும், ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, பிளகினுக்குத் தெரியும்.

கூகுளில் தமிழில் தேடினால் ஆங்கிலப் பக்கம் வருகிறது என்ற புகாருக்கு மூலத்தில் எச்ரெஃப்லேங் வரிகளைப் பாருங்கள், பக்கத்தின் மற்ற மொழி வடிவம் எங்கே என்று தேடுபொறிக்குச் சொல்பவை அவை. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைக் காட்ட வேண்டும், ஆங்கிலப் பக்கம் தமிழைத் திருப்பிக் காட்ட வேண்டும், ஒருபக்கக் காதலை கூகுள் கண்டுகொள்ளாது. லொகேலில் வரும் அடிக்கோடு இங்கே ஹைபனாக இருக்க வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோலில் இதற்கென்று இருந்த அறிக்கையை 2022-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் மூலத்தைப் பார்ப்பதுதான் நேரடி வழி.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் என்ற பிளகினைப் போட்டு அதன் டிரபிள்ஷூட்டிங் மோடை ஆன் செய்யுங்கள். உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லா பிளகினும் அணைந்து இயல்பான தீம் தெரியும், வாடிக்கையாளர்களுக்கு சைட் வழக்கம்போல ஓடும். முதலில் மொழிபெயர்ப்பு பிளகினை மட்டும் ஏற்றுங்கள், சரியாக இருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாக. எதை ஏற்றியதும் கெடுகிறதோ அவர்தான் ஆசாமி. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஸ்கிரிப்டுகளை ஒன்றாக்கிச் சுருக்குகிற வேகப் பிளகினாகவோ, பேஜ் பில்டராகவோ இருக்கும். லாக்கில் மொழிக்கோப்பு சீக்கிரமே ஏற்றப்பட்டது என்ற ரீதியில் வரிவரியாக நோட்டீஸ் இருந்தால் அது 2024 நவம்பரில் வந்த 6.7-க்குப் பிறகு வரத் தொடங்கியது, அந்த பிளகினை எழுதியவர் சரிசெய்ய வேண்டியது. அப்டேட் செய்துவிட்டு, அந்த நோட்டீஸ்கள் வாடிக்கையாளர் திரையில் தெரியாதபடி லாக்குக்கு மட்டும் போகச் செய்தால் போதும்.

கடைசியாக, எதையும் தொடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஒரு பல் மருத்துவமனை சைட்டில் "ரூட் கெனால்" என்பது "வேர் வாய்க்கால்" என்று வருகிறது, பிளகினை மாற்றுங்கள் என்று சத்தம் போட்டார்கள். டேட்டாபேஸ், மொழிக்கோப்பு, ஸ்டிரிங் பட்டியல் எல்லாம் தேடினேன், எங்கேயும் வாய்க்கால் இல்லை. ஸ்கிரீன்ஷாட் வந்த பிறகு பார்த்தால் மேலே குரோமின் மொழிபெயர்ப்புப் பட்டை. அவர் திறந்தது ஆங்கிலப் பக்கம், தமிழாக்கியது அவருடைய பிரவுசர். தமிழ்ப் பக்கத்துக்கான பட்டனோ ஹாம்பர்கர் மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. அதை எடுத்து மேலே, மருத்துவமனையின் சின்னத்துக்குப் பக்கத்தில் "தமிழ்" என்று பெரிதாக எழுதி வைத்தேன்.